மாணவர் வானொலியின் நிகழ்ச்சி நிரல் எப்படி உருவாகிறது? செட்டிநாட்டிலிருந்து ஒரு பார்வை

கல்லூரி வளாகத்திலிருந்து ஒலிபரப்பாகும் வானொலியை முதன்முறை கேட்பவருக்கு அதன் நிகழ்ச்சி வரிசை சற்றுக் குழப்பமாகவே தோன்றும். காலையில் தேவாரம் ஒலிக்கிறது; அது முடிந்ததும் நாளை எந்தெந்தத் தெருவில் மின்சாரம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வருகிறது; அதைத் தொடர்ந்து வேதியியல் மாணவி ஒருவர் கைப்பேசியின் பேட்டரி ஏன் உப்பிப் போகிறது என்று விளக்குகிறார்; பிறகு நெற்பயிரில் பூச்சித் தாக்குதல், பள்ளிப் பிள்ளைகளின் விடுகதை, நகைக்கடன் வாங்குமுன் பார்க்க வேண்டியவை, ஓர் ஆச்சி சொல்லும் கந்தரப்பப் பக்குவம் என்று ஒன்றோடொன்று ஒட்டாதவை அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கின்றன. திரைப்பாடலும் சிரிப்பும் கலந்த ஒரே சுவையை நாள் முழுவதும் தரும் தனியார் பண்பலைகளுக்குப் பழகிய காதுக்கு இது ஒழுங்கற்ற கதம்பம்.

பிள்ளைகள் தமக்குத் தோன்றியதையெல்லாம் செய்து பார்க்கிறார்கள் என்று இதற்குக் காரணம் சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. மாணவர் வானொலியின் பல்வகைமையில் பெரும்பகுதி ஆர்வத்தால் வந்ததன்று, கட்டுப்பாட்டால் வந்தது. அரசின் அனுமதி விதிகளும், ஒலிபரப்பிக் கருவியின் குறைந்த வலுவும், கையிருப்பின் நிலையும், கல்லூரியின் நாட்காட்டியும் சேர்ந்தே அந்த நிரலை எழுதுகின்றன. அவ்வாறு எழுதப்பட்ட நிரல் கேட்கத் தக்கதாக அமைவதும் அமையாததும், நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதை மாணவர்கள் எவ்வளவு அறிந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. காரைக்குடியையும் அதைச் சுற்றிய செட்டிநாட்டு ஊர்களையும் மனத்தில் வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

தமிழ்நாட்டு வானொலி, ஆர்வலர்களின் சங்கம் ஒன்றிலிருந்தே பிறந்தது. 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமில்லாமல் சில ஆண்டுகளிலேயே அது நின்றுபோக, அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930-இல் ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. அகில இந்திய வானொலி சென்னையில் 1938-லும் திருச்சியில் 1939-லும் நிலையங்களைத் திறந்த பிறகு வானொலி என்பது முற்றிலும் அரசின் குரலாயிற்று. செட்டிநாடு பெரும்பாலும் பிறர் ஊரிலிருந்து வந்த வானொலியைக் கேட்டே வளர்ந்தது. திருச்சியும், கடலுக்கு அப்பாலிருந்து தெளிவாகக் கேட்ட இலங்கையும், பின்னர் மதுரையும் கொடைக்கானலும் முகப்புத் திண்ணைகளில் ஒலித்தன. அந்த நிலையங்கள் தந்தவை அருமையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊருணி நிறைந்ததா, கோவிலூரில் அன்னதானம் எப்போது, எந்தத் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்தது என்பவற்றைச் சொல்ல அவற்றுக்கு இடமுமில்லை, தேவையுமில்லை.

இந்த நிலையை மாற்றிய திருப்பம் நீதிமன்றத்தில் நேர்ந்தது. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை குறித்த ஒரு வழக்கில், அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பந்தாட்டத்தைப் பற்றிய வழக்கு செட்டிநாட்டுப் பள்ளத்தூர்க்காரருக்கு மைக்கைக் கொடுக்கும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். அந்தத் தீர்ப்பின் வழியில் 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்த நடுவண் அரசு இசைந்தது; 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4 மெகாஹெர்ட்சில் ஒலிபரப்பைத் தொடங்கி, நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாயிற்று. சென்னையின் எம்.ஓ.பி. வைணவக் கல்லூரி, லயோலா கல்லூரி, திருச்சியின் ஹோலி கிராஸ் கல்லூரி போன்றவை அதே வழியில் வந்தன. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி விரிந்ததால் பாம்பனில் மீனவர்களுக்கான கடல் ஓசை போன்ற நிலையங்களும் உருவாயின. 2024 வாக்கில் நாட்டில் இயங்கும் சமுதாய வானொலிகளின் எண்ணிக்கை 500-ஐ நெருங்கிவிட்டது.

சட்டத்தின் பார்வையில் மாணவர் வானொலி என்று தனியாக ஒரு வகை இல்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். கல்லூரிக்கு வழங்கப்படுவதும் சமுதாய வானொலிக்கான அனுமதியே. ஆகவே மாணவர்கள் மாணவர்களுக்காக நடத்தும் நிலையமாக மட்டும் அது இருக்க முடியாது. மதிற்சுவருக்கு வெளியே வாழ்பவர்களுக்கும் அது கடமைப்பட்டது. பலதரப்பட்ட நிகழ்ச்சிகளுக்கான முதல் காரணம் இந்தக் கடமைதான். பத்தொன்பது வயதுள்ளவர்கள் எழுபது வயதுள்ளவர்களுக்கு நிகழ்ச்சி செய்தாக வேண்டும் என்று விதி சொல்கிறது.

இரண்டாவது காரணம் கருவியின் வலு. சமுதாய வானொலியின் ஒலிபரப்பி பொதுவாக 50 வாட் திறனுடையது. அலைவாங்கிக் கம்பத்தின் பெருக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் வெளிப்படும் வலு 100 வாட். கம்பத்தின் உயரம் 30 மீட்டரைத் தாண்டக்கூடாது. இந்த அளவில் ஒலி தெளிவாகச் சென்று சேரும் தொலைவு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை; மலையும் உயர்ந்த கட்டடங்களும் அவற்றை மறிக்கும். செம்புறாங்கல் பூமியான செட்டிநாடு பெரும்பாலும் சமநிலமாக இருப்பது இவ்வகையில் ஒரு வாய்ப்பு. காரைக்குடியில் ஒரு கல்லூரியின் மாடியில் கம்பத்தை நிறுத்தினால் அரியக்குடி, கோவிலூர், கோட்டையூர், அமராவதிபுதூர் ஆகியவை வட்டத்துக்குள் வந்துவிடும். குன்றக்குடியும் பள்ளத்தூரும் விளிம்பில் நிற்கும். தேவகோட்டையும் திருப்பத்தூரும் வெளியே போய்விடும்.

இந்தச் சிறிய வட்டத்துக்கும் நிகழ்ச்சிகளின் பல்வகைக்கும் நேரடித் தொடர்புண்டு. பத்து மாவட்டங்களுக்குக் கேட்கும் ஒரு நிலையம், திரைப்பாடல் விரும்பிகள் என்ற ஒரே கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு லட்சக்கணக்கில் நேயர்களைப் பெறலாம். 10 கிலோமீட்டருக்குள் அப்படி ஒரே சுவையுடைய பெருங்கூட்டம் கிடையாது. ஆத்தங்குடித் தரைக்கல் பதிக்கும் கொத்தனார், மளிகைக் கடைக்காரர், கண்மாய்ப் பாசனத்தை நம்பிய விவசாயி, பத்தாம் வகுப்புப் பிள்ளை, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் முதியவர், விடுதி மாணவர் என்று வெவ்வேறு ஆட்களே இருக்கிறார்கள். ஒருவருக்காக மட்டும் நடத்தினால் மற்றவர்கள் விலகுவார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைச் செய்தால் எவரும் கேட்க மாட்டார்கள். ஆகவே நேரத்தைப் பங்கு போட்டுக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. கூட்டு வீட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு இணையருக்கும், முறை வைத்துக் கொடுத்து வாழ்ந்த ஊர்களுக்கு இது புதிய ஏற்பாடும் அன்று.

உள்ளடக்கம் பற்றிய விதிகள் இன்னும் நெருக்கமானவை. ஒலிபரப்பாகும் நிகழ்ச்சிகளில் குறைந்தது 50 விழுக்காடு உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உள்ளூரிலேயே உருவாக்கப்பட வேண்டும்; கூடியவரை வட்டார மொழியில் அமைய வேண்டும். அரசியலுக்கும் சொந்தமாகத் தொகுத்த செய்திக்கும் அனுமதி இல்லை; அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை மட்டும் அப்படியே மறு ஒலிபரப்புச் செய்யலாம். ஆனால் வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, திருவிழா, மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம், நோய் எச்சரிக்கை ஆகியவை செய்தி என்ற கணக்கில் வராது. செய்தி கூடாது என்ற இந்தத் தடை எனக்கு உடன்பாடானதன்று. நகராட்சியில் குப்பை வரியை ஏன் உயர்த்தினார்கள் என்று ஓர் இதழியல் மாணவர் கேட்டு ஒலிபரப்ப முடியாத நிலையை எப்படி நியாயப்படுத்துவது? எனினும், தடைக்குள் நின்று பார்த்தால், எஞ்சியிருக்கும் சிறு அறிவிப்புகளே நிலையத்தின் உயிராகிவிடுவதைக் காணலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரம் போகும் ஊரில், முதல் நாள் மாலையே தெருப்பெயர்களைச் சொல்லி அறிவிக்கும் வானொலியை அடுத்த முறை மக்கள் தாமாகவே திறந்து வைப்பார்கள். மாவரைக்க வேண்டும், மேல்நிலைத் தொட்டியில் நீரேற்ற வேண்டும். அந்த இரண்டு நிமிடம் பெற்றுத் தரும் நம்பிக்கையில்தான் அடுத்து வரும் அரை மணி நேர அறிவியல் உரை கேட்கப்படுகிறது.

பணத்தின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2024-இல் வந்த புதிய நெறிமுறைகள், மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரத்தை 12 நிமிடமாக உயர்த்தின; அரசு விளம்பரங்களுக்கான கட்டணமும் 10 வினாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாயிற்று. கணக்குப் போட்டால் மணிக்கு 5,328 ரூபாய் வரும் என்று தோன்றும். ஆனால் 12 நிமிடமும் நிறையும் அளவுக்கு விளம்பரம் கிடைப்பது அரிது. மறுபுறம், திரைப்பாடலை ஒலிபரப்பினால் உரிமைத்தொகை கட்ட வேண்டும். ஆகவே மனிதக் குரலே மலிவான பொருள். உள்ளூர்ப் பஜனைக் குழு, நாட்டுப்புறப் பாடகர், ஓய்வுபெற்ற ஆசிரியர், தவில் பழகும் சிறுவன் ஆகியோர் நிகழ்ச்சிகளில் நிறைந்திருப்பதற்குப் பண்பாட்டுப் பற்று ஒரு காரணம் என்றால், திரைப்பாடலுக்குக் கொடுக்கக் காசில்லாதது மற்றொரு காரணம். இரண்டாவது காரணத்தை ஒப்புக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கல்லூரியின் அமைப்பும் நிரலில் பதிகிறது. வளாக நிலையங்கள் பெரும்பாலும் துறைக்கு ஒரு நேரம் என்று பிரித்துக் கொடுக்கின்றன. தமிழ்த் துறைக்கு இலக்கியம், வணிகவியலுக்குச் சேமிப்பும் கடனும், மனையியலுக்கு உணவும் குழந்தை வளர்ப்பும், இயற்பியலுக்கு வானியல் என்று எளிதாகப் பட்டியல் நிறைந்துவிடும். காரைக்குடி போன்ற ஊரில் இதற்குக் கூடுதல் வளம் உண்டு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தை ஊரார் ‘சிக்ரி’ என்றே அழைப்பார்கள். அதன் மதிலைத் தினமும் கடந்து போகும் பலருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியாது. துருப்பிடித்தல், மின்முலாம், பேட்டரி ஆகியவற்றைப் பற்றி அங்குள்ள அறிஞரிடம் ஒரு மாணவி நம் பேச்சுத் தமிழில் கேள்வி கேட்டு ஒலிபரப்பினால், அந்த ஒலிப்பதிவை வேறு எந்த ஊர் நிலையமும் அவ்வளவு எளிதாகச் செய்துவிட முடியாது.

ஆனால் துறைவாரிப் பங்கீட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. பேராசிரியர் எழுதித் தந்த தாளை மாணவர் படிப்பார். வகுப்பறை அப்படியே காற்றில் ஏறிவிடும். ‘இன்றைய காலகட்டத்தில் ஊட்டச்சத்தின் முக்கியத்துவம் யாதெனில்’ என்று தொடங்கும் உரையை இட்லி அவித்துக்கொண்டிருப்பவர் கேட்கமாட்டார். நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பல்வகை இருக்கும். காதுக்கு எல்லாமே ஒரே குரலாக, ஒரே கட்டுரையாக ஒலிக்கும். பொருள் மாறினால் மட்டும் போதாது, வடிவமும் மாற வேண்டும் என்பதைப் பல நிலையங்கள் தாமதமாகவே உணர்கின்றன. நேர்காணல், கேள்வி பதில், நாடகம், களத்தில் நின்று செய்யும் வர்ணனை, வெறும் ஓசைச் சித்திரம் ஆகியவை வெவ்வேறு விதமாகக் கேட்கப்படுபவை.

பல வகைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் கலையைப் பற்றிப் பேசும்போது, அந்த 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஓர் ஊரை மறக்க முடியாது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) கர்நாடக இசையின் இன்றைய கச்சேரி அமைப்பை வகுத்தவர் என்று போற்றப்படுபவர். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சிறு கீர்த்தனைகளால் சூடேற்றி, நடுவில் விரிவான உருப்படி ஒன்றை நிறுத்தி, இறுதியில் துக்கடாக்களால் மனத்தை இலகுவாக்கி அனுப்பும் முறை அது. ராகமும் தாளமும் மொழியும் வேகமும் மாறிக்கொண்டே இருந்தாலும் கேட்பவருக்கு அலுப்போ தடுமாற்றமோ நேர்வதில்லை. எது எப்போது வரும் என்பதில் ஓர் ஒழுங்கு இருப்பதே காரணம். வானொலியின் ஒரு நாளையும் இப்படி அமைக்கலாம். காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிறவர்களுக்கு மூன்று, ஐந்து நிமிடத் துணுக்குகள், முற்பகலில் கைவேலை செய்பவர்களுக்கு நீண்ட உரையாடல், பிற்பகலில் முதியவர்களுக்கான விரிவான நிகழ்ச்சி, மாலையில் பிள்ளைகள், இரவில் பாட்டு. இந்த வரிசை ஒருமுறை நிலைத்துவிட்டால் உள்ளே என்ன புதுமையைச் செய்தாலும் நேயர் பொறுத்துக்கொள்வார். வரிசை வாரந்தோறும் மாறினால் நல்ல நிகழ்ச்சிகூடக் கேட்பாரற்றுப் போகும்.

பிற்பகல் நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளைப் படம் பிடிக்க வருபவர்கள் பர்மாத் தேக்குத் தூணையும் வளவு என்னும் முற்றத்தையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்க்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, அந்த வீட்டின் ஒரு பகுதியில் மட்டும் ஓர் ஆச்சியோ, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரோ வாழ்வது அந்தப் படங்களில் வராது. சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, வெயில் முற்றத்தில் இறங்கும் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே அந்த வீடுகளில் குரலுக்கு ஏக்கம் இருக்கிறது. தொலைக்காட்சித் தொடர்கள் அந்த ஏக்கத்தை ஓரளவு தீர்க்கின்றன. ஆனால் அவை இவர்களோடு பேசுவதில்லை, இவர்களைப் பேச விடுவதுமில்லை. தாலாட்டு, ஒப்பாரி, திருமணச் சடங்கில் முறை வைக்கும் விதம், முன்னோரை வழிபடும் படைப்பு வீட்டுச் சமையல், பெட்டியடியில் உட்கார்ந்து வரவு செலவு எழுதிய பெரியவர்களின் கதை, கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வாணிபம் செய்ய, போன அப்பச்சிக்காக (அப்பாவுக்காக) ஆண்டுக்கணக்கில் கடிதத்தை எதிர்பார்த்திருந்த குடும்பங்களின் நினைவு என்று இவர்களிடமிருந்து பதிவு செய்யக் கிடைப்பவை ஏராளம். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி பர்மாவிலிருந்து கால்நடையாகத் திரும்பியவர்களை நேரில் கண்டு கதை கேட்டவர்களின் தலைமுறையும் குறைந்துகொண்டே வருகிறது.

இந்தப் பதிவு எளிதன்று. சுண்ணாம்பு அரைத்து, முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுவரும், வழவழப்பான கல் தரையும், உயர்ந்த கூரையும் கொண்ட பட்டாலை என்னும் கூடத்தில் பேசினால் குரல் நாலாபுறமும் மோதித் திரும்பி எதிரொலிக்கும். கண்ணுக்கு அழகான இடம் மைக்குக்குப் பகை. ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டோ, துணி மூட்டைகளும் மெத்தைகளும் அடுக்கிய சிறிய அறையில் உட்கார்ந்தோ, மைக்கை வாய்க்கு ஒரு சாண் தொலைவில் வைத்தோ பதிவு செய்ய வேண்டும் என்பதை மாணவர்கள் இரண்டு மூன்று தவறுகளுக்குப் பின்னரே கற்றுக்கொள்கிறார்கள். மற்றொரு சிக்கல் மொழி. நேர்காணல் செய்யும் மாணவர் தனியார் பண்பலை அறிவிப்பாளரைப் போல ஓட்டமும் சிரிப்புமாகத் தொடங்கினால் ஆச்சி வாய் திறக்க மாட்டார். அல்லது மேடைத் தமிழுக்கு மாறிவிடுவார். ‘அவுக வந்தாக, சொன்னாக, போனாக’ என்று இயல்பாக ஓடும் பேச்சைப் பிழையென்று கருதி வெட்டித் திருத்தும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. உள்ளூர் மொழி வேண்டும் என்று விதியே சொல்லும்போது, அந்த மொழியைத் திருத்துவது என்ன நியாயம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் உதவிக்குச் சென்றிருந்த ஒரு வளாக நிலையத்தில், எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் பாடிய தாலாட்டை மாணவிகள் இருவர் ஒரு நாள் முழுவதும் செலவிட்டுப் பதிவு செய்தார்கள். ஒலிபரப்பான நிகழ்ச்சிகளைக் குறைந்தது மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. மூன்று மாதம் முடிந்ததும் கணினியில் இடமில்லை என்று அந்தப் பதிவை அழித்துவிட்டார்கள். விதியை எவரும் மீறவில்லை, பாட்டு போய்விட்டது. கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒரு தனி மனிதராக நூல்களையும் இதழ்களையும் துண்டு அறிக்கைகளையும் சேர்த்து வைத்ததால்தான் அவர் பெயரில் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அச்சிட்ட தாளுக்குக் கிடைத்த அந்தக் காப்பாளர், இந்த ஊரின் ஒலிக்கு இன்னும் கிடைக்கவில்லை. மாணவர் வானொலியின் பல்வகை நிகழ்ச்சிகளில் பாதிக்கு மேல் ஒரே முறை ஒலித்து மறைபவை என்பது, நிரலைப் புகழும்போது மறந்துவிடப்படும் ஒரு குறை.

பேச்சுக் கலைக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதும் நிரலைப் பாதிக்கிறது. சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் 1939 முதல் காரைக்குடியில் விழா எடுத்துவருகிறது. பங்குனி அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் நினைவிடத்தில் அது நிறைவுபெறும். பட்டிமன்றம் என்ற வடிவம் தமிழ்நாடெங்கும் பரவியதில் இந்த மேடைக்குப் பெரும் பங்குண்டு. ஆகவே மாணவர் வானொலியில் இலக்கியப் பேச்சுக்கு ஆள் பஞ்சம் ஏற்படுவதே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆயிரம் பேர் முன்னால் குரலை ஏற்றி இறக்கிப் பழகியவர், ஒலிப்பதிவு அறையில் மைக்குக்கு முன்னாலும் அப்படியே முழங்குகிறார். வானொலியைக் கேட்பவர் கூட்டத்தில் இல்லை. அடுப்படியிலோ தறியிலோ தனியாக இருக்கிறார். அவரிடம் கம்பனைச் சொல்வதற்குத் திண்ணையில் உட்கார்ந்து பேசும் குரல் போதும். கைதட்டலுக்காக நிறுத்தும் இடங்களை வெட்டியே ஒரு மணி நேரப் பட்டிமன்றத்தை அரை மணி நேரமாக்கிவிடலாம் என்று ஒலித்தொகுப்புச் செய்யும் மாணவர்கள் கேலியாகச் சொல்வதுண்டு. அதில் உண்மையும் இருக்கிறது.

தறி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கண்டாங்கிச் சேலை நெய்பவரும், கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து வண்ணக் கலவையை ஊற்றும் ஆத்தங்குடிக் கல் தொழிலாளரும், பனையோலைக் கொட்டான் முடையும் பெண்களும் கையையும் கண்ணையும் வேலைக்குக் கொடுத்துவிட்டவர்கள். அவர்களுக்கு மீந்திருப்பது காது மட்டும். கைப்பேசியின் குறுங்காணொளி அவர்களின் வேலை நேரத்துக்குள் நுழைய முடியாது, வானொலி நுழையும். நீண்ட தொடர், வாசிப்பு, உரையாடல் ஆகியவற்றுக்குப் பொறுமையுள்ள நேயர் இல்லை என்று வருந்தும் மாணவர்கள் இந்தப் பட்டறைகளுக்கு ஒருமுறை போய்வந்தால் போதும். விவசாயிகளின் நிலை வேறு. அவர்களுக்கு வேண்டியது நேரம் தவறாத சிறு தகவல். புரட்டாசி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கும் பூமியில், கண்மாய்க்கு நீர் வந்ததா, மடை எப்போது திறக்கப்படும், குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் விதை இருக்கிறதா என்பவற்றை நவம்பரில் சொன்னால் பயனுண்டு; ஜனவரியில் ஒலிபரப்பும் அழகான ஆவணச் சித்திரத்தால் பயனில்லை.

நாட்காட்டியைப் பற்றிய பெரிய சிக்கல் இங்கேதான் தலைகாட்டுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்குப்படி ஒரு பருவத்துக்கு 90 வேலை நாட்கள். வாரம் ஆறு நாளென்று கொண்டால் 15 வாரம். ஆகவே மாணவர் நடத்தும் தொடர் நிகழ்ச்சி 15 வாரத்துக்குமேல் நீள்வது அரிது. பருவம் முடிந்தால் தேர்வு; தேர்வு முடிந்தால் விடுமுறை; மூன்று ஆண்டு முடிந்தால் தொகுப்பாளரே ஊருக்குப் போய்விடுவார். ஒவ்வொரு ஜூனிலும் புதியவர்கள் வருவதால் புதிய நிகழ்ச்சிகள் பிறக்கின்றன. நிரல் இவ்வளவு பல்வகையாக இருப்பதற்கு இந்த வரத்துப் போக்கும் ஒரு காரணம். அதே காரணத்தால் எந்த நிகழ்ச்சியும் முதிர்வதில்லை. நேயர் ஒரு குரலுக்குப் பழகும்போது அந்தக் குரல் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது.

மழைக்காலத்தில், விவசாயிக்குத் தகவல் அதிகம் வேண்டிய நவம்பரில், மாணவர்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். தை பிறந்ததும் சிராவயலில் மஞ்சுவிரட்டும், நகரத்தார் காவடி பழனிக்குப் புறப்படுவதும் பொங்கல் விடுமுறையை ஒட்டியே வரும். மாசி, பங்குனியில் முத்துமாரியம்மன் கோயில் முளைப்பாரியும் பால்குடமும் நடக்கும்போது செய்முறைத் தேர்வுகள் தொடங்கிவிடும். வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருப்பவர்கள் திருமணத்துக்கும் படைப்புக்கும் வந்து, ஆண்டெல்லாம் பூட்டிக்கிடந்த வீடுகளைத் திறக்கும் கோடைகாலத்தில் ஒலிப்பதிவு அறை பூட்டியிருக்கும். கணினி பழைய நிகழ்ச்சிகளை மறு ஒலிபரப்புச் செய்துகொண்டிருக்கும்.

இணைய ஒலிபரப்பு, 10 கிலோமீட்டருக்கு அப்பால் கேட்காத தொலைவுச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் செயலி வழியாகக் கேட்பது மகிழ்ச்சிதான். கிடைக்கும் பாராட்டுகளில் பெரும்பகுதியும் அங்கிருந்தே வரும். ஆனால் அந்தப் பாராட்டு நிரலை மெல்ல வேறு பக்கம் இழுக்கிறது. ஊரை நினைத்து ஏங்குபவர்களுக்கு வேண்டியது பலகாரமும் பழம்பெருமையும். ஊரில் இருப்பவர்களுக்கு வேண்டியது குடிநீர் வரும் நேரம். முன்னதைச் செய்வது எளிது, கேட்கவும் இனிமையானது. மாணவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பதில் எழுதுபவருக்காக எழுதத் தோன்றுவது இயல்பு. உள்ளூர் நேயர் பதில் எழுதுவதில்லை. தேநீர்க் கடையில் ஒலியைக் கூட்டி வைக்கிறார், அவ்வளவே. கேட்போர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் வசதி சிறு நிலையங்களுக்கு இல்லாததால், அந்தத் தேநீர்க் கடைக்கு நடந்துபோய்ப் பார்ப்பதுதான் கணக்கெடுப்பு.

கோடை விடுமுறைக்கு ஒரு வழி உண்டு. விடுதி மாணவர்கள் ஊருக்குப் போனாலும், கோட்டையூரிலிருந்தும் அரியக்குடியிலிருந்தும் பேருந்தில் வந்து படிப்பவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஏப்ரல் கடைசியில் அவர்களுள் நான்கு பேரிடம் கையடக்க ஒலிப்பதிவுக் கருவியையும், திறக்கப்போகும் வீடுகளின் பட்டியலையும், ஒரு தனி வன்தட்டையும் கொடுத்து அனுப்பினால், ஜூனில் புதிதாக வருபவர்கள் தொடங்கும்போது பெட்டியில் ஏற்கெனவே நாற்பது மணி நேரப் பேச்சு இருக்கும்.